கழன்ற மைல்கள்

என் வீட்டுக்காரர் ஃபியட் காரின் மைல் மீட்டரைப் பின்னுக்குத் திருப்பிய வெள்ளிக்கிழமை, ரசத்தை அடுப்பில் வைத்துவிட்டு முக்குக் கடைக்குக் கொத்தமல்லி வாங்கப் போனேன். ரசம் நுரை கட்டுவதற்குள் திரும்பிவிடுகிற தூரம்தான் அது, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். அன்று போய்ச் சேர்வதற்குள் செருப்பின் வார் அறுந்தது, திரும்பி வருவதற்குள் ரசம் வற்றிச் சட்டி கரிந்தது, வாங்கிய கொத்தமல்லி பைக்குள்ளேயே தலை தொங்கிப் போயிருந்தது. வெயில் என்று நான் நினைத்தேன். வயசாகுது என்றார் அவர், கை நிறைய கிரீஸோடு நின்றுகொண்டு.

எங்கள் பஞ்சு கிடங்கு வீதி கோயமுத்தூரில் யாரும் வழி கேட்டு வராத வீதி. மெயின் ரோட்டிலிருந்து திரும்பினால் ஒரு பக்கம் பூராவும் பூட்டிக் கிடக்கிற கிடங்கின் சுவர், இன்னொரு பக்கம் வீடுகள், சுவர் முடிகிற இடத்தில் மரகதம் அக்கா வீடு, அதற்கு நேர் எதிரே எங்கள் வீடு, அதோடு வீதி முட்டி நின்றுவிடும். சுவரின் நீளத்துக்கும் ஆளுயரத் தார் எழுத்தில் 'இந்தச் சுவரில் நோட்டீஸ் ஒட்டாதீர்' என்று எழுதியிருக்கும். மெயின் ரோட்டு முனையில் 'இ', எங்கள் முனையில் 'ர்'. மெயின் ரோட்டு முக்கிலேயே பிரசவ ஆஸ்பத்திரி. பொண்ணுக்கு வலி எடுத்தால் நடந்தே போய்விடலாம் என்று ஓசூர் சம்பந்தியிடம் பெருமை பேசித்தான், வளைகாப்பு முடிந்த கையோடு மிருதுளாவை அழைத்து வந்திருந்தேன்.

ஃபியட்டைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது, போகத்தான் எனக்கு ஆசை. ஏதோ ஒரு அரிசி ஆலையின் பின்பக்கம் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த வண்டியை என் வீட்டுக்காரர் சென்னியப்பன், பம்புசெட் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்த வருஷம், லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். எங்கள் போர்டிகோவில் அது நுழையவில்லை. ஆகவே வீதியில், பாதி எங்கள் வாசலிலும் பாதி மரகதத்தின் வாசலிலுமாக, செங்கல் மேல் ஏற்றி நிறுத்தினார். அன்றைக்கு மரகதம் எங்களோடு பேச்சை நிறுத்தினாள். பழைய கார் ஊர்வலத்தில் முதலாவதாக வரவேண்டும் என்பது அவர் கனவு. அதற்குக் கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடி இருக்கவேண்டுமாம். ஒரு கதவுக் கைப்பிடிக்காக ஈரோடு வரை போனார், ஒரு கண்ணாடி ரப்பருக்காக ஒரு கல்யாணத்துக்கு வராமல் இருந்தார். எஞ்சின் இறங்கி எங்கள் வராந்தாவில் கோணிச் சாக்கின் மேல் பாகம் பாகமாகக் கிடந்தது. வராந்தாவைக் கூட்டுகிறவள் நான்.

எல்லாம் ஒரிஜினல் என்றால் மீட்டரும் புதுசுபோல் இருக்கவேண்டாமா? பழைய வண்டிக்காரர்களுக்கு அது பாவமில்லை, கிழவனுக்கு மாப்பிள்ளை வேஷம் மாதிரி ஒரு அலங்காரம். அந்த வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, முன்சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்து, மீட்டர் கேபிளின் நுனியைக் கை டிரில்லில் மாட்டி, மத்தியானம் பூராவும் உட்கார்ந்து பின்பக்கமாகச் சுற்றினார். நூற்றுக்கணக்கான ஊருக்கு ஓடிய மைல்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. கடைசியில் மீட்டர் முழுக்கப் பூஜ்யமாகிப் பச்சைக்குழந்தைபோல் விழித்தது. கழன்ற மைல்கள் எங்கே போகும் என்று அவர் கேட்கவில்லை. வீட்டில் எதைக் கழற்றினாலும் அது எங்கே போகும் என்று அவர் கேட்டதில்லை.

அவை எங்கேயும் போகவில்லை. வீதியிலேயே படுத்துவிட்டன.

முதலில் கொஞ்சம் கொஞ்சமாக, பயந்த மாடுகள் தொழுவத்துக்குத் திரும்புகிறமாதிரி வந்து சேர்ந்தன, அப்புறம் கூட்டமாக. சுவர் நீண்டது, எழுத்துகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகின, வீடுகளுக்கு நடுவே வெறும் வேலி முள்ளும் புழுதியும் முளைத்தன. பால்கார நடராசு விடியலில் மெயின் ரோட்டில் கறந்த பால் எங்களிடம் வருவதற்குள் தயிராகிப்போனது, முதல் வாரம் மன்னிப்புக் கேட்டார், அடுத்த வாரம் தயிர்க்காரரானார். தபால்காரர் படுக்கைச் சுருளோடு வந்தார். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் வழியிலேயே பாடத்தை மறந்துவிட, ரிட்டையர்டு வாத்தியார் ஒருவர் 'ட்டீ' எழுத்தின் நிழலில் பெஞ்சு போட்டார். 'நோ'வில் ஒருவன் டீக்கடை வைத்தான். வழி சொல்வதும் எழுத்தால்தான்: மாமியார் 'ரி'யைத் தாண்டிவிட்டாள், சாயங்காலம் வந்துவிடுவாள், கறி எடுத்துவை, என்று ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார்கள். வீதிக்குள் பூஜை வாங்க வந்த மாரியம்மன் பல்லக்கு திரும்பிப் போகிற வழியில் 'வ'வில் இறங்கிவிட்டது. தூக்கிகள் தோள் வீங்கி உட்கார, பூசாரி அங்கேயே கூழ் ஊற்றத் தொடங்கினார். அம்மனுக்கே அந்த இடம் பிடித்துவிட்டது என்றும் ஒரு பேச்சு. வார்டு கவுன்சிலர் ஜீப்பில் பாதி வந்து, நீளமான வீதிக்கு நீளமான சாக்கடை தருவதாகச் சொல்லிவிட்டு, பெட்ரோல் இருக்கிறபோதே திரும்பினார்.

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. எவ்வளவு தூரம் என்றுதான் கேட்டார்கள். விஷயம் ஃபியட்டால் வந்தது என்று தெரிந்தபோதும் எங்கள் வாசலில் வந்து சண்டை போட ஒருவருக்கும் கால் வலு இல்லை. பாதிப் பேருக்கு மனசும் இல்லை. ஐந்தாவது வீட்டு மருமகள் முக்கு வீட்டில் இருக்கிற தன் மாமியார் ஒரு மாதமாக வரவில்லையென்று சந்தோஷத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள்.

சதை போடாதவள் நான். மிருதுளாவின் வயிற்றில் குழந்தை தலை திரும்பாமல் உட்கார்ந்த வாக்கில் இருந்தது. வலி எடுத்தால் ஒரு நிமிஷம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது, நேராக இங்கே வந்துவிடணும், கத்தி வைக்க வேண்டியிருக்கும், என்று டாக்டரம்மா கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். வீதி நீள்கிறது என்று உறைத்த உடனேயே ஒரு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் பார்த்தோம். 'ஒ' தாண்டுவதற்குள் பெட்ரோல் தீர்ந்து, வெயிலில் தள்ளிக்கொண்டு திரும்பினோம். ஆம்புலன்ஸுக்கு போன் செய்தோம். அது 'சு'வில் டீசல் தீர்ந்து நின்றது. டிரைவர் டீக்கடைக்கு நடந்து வந்து, அங்கேயே தங்கி, போண்டா போடப் பழகிவிட்டான். ஒவ்வொரு காலையும் வாசலில் நின்று 'தீ' தெரிகிறதா என்று பார்ப்பேன். முதலில் தெரிந்தது. அப்புறம் புள்ளியாகத் தெரிந்தது. அப்புறம் 'ர்' மட்டும்தான்.

நீளவாக்கில்தான் வீதி வளர்ந்தது, அகலவாக்கில் இல்லை. ஆகவே ஊரே எட்டாக்கையாய்ப் போக, கைக்கெட்டுகிற தூரத்தில் மிச்சமிருந்த ஒரே வீடு மரகதத்தின் வீடு. கடவுளுக்கு, நான் படித்த கான்வென்ட்டின் சிஸ்டர்களைவிடக் குரூரமான நகைச்சுவை உணர்வு உண்டு.

மெக்கானிக் ஜோக்கின் தன் பட்டறையிலிருந்து கிளம்பியவன், தாடியோடு வந்து சேர்ந்தான். மீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு முதலில் சிரித்தான்.

"வண்டியிலயே வச்சா திருப்புனீங்க? கழட்டி மேசையில வச்சுல்ல திருப்புவாங்க. வண்டில இருந்தா அது ஓடுன மைலுங்கண்ணா, கீழதான் கொட்டும்."

இதை இப்போது வந்து சொல்கிறாயா என்றேன் நான். அவன் அசரவில்லை, இதெல்லாம் சின்ன விஷயம், முன்பக்கமாகச் சுற்றினால் முடிந்தது என்று டிரில்லை மாட்டிச் சுற்றினான். எண்கள் ஏறின, கையை எடுத்ததும் சறுக்குமரத்தில் பிள்ளைகள் இறங்குவதுபோல் எல்லாம் இறங்கிப் பூஜ்யத்தில் நின்றன. மறுபடி சுற்றினான், மறுபடி இறங்கின. சும்மா கொடுக்கிற மைலை அந்த மீட்டர் வாங்கிக்கொள்ளவில்லை. ஓடிச் சம்பாதித்ததைத்தான் கேட்டது. வேறு எந்த வண்டி ஓடினாலும் வீதி அப்படியே கிடக்கும்; ஃபியட் ஓடினால், ஓட ஓட அதன் மைல் அதற்குள் திரும்பும், வீதி சுருங்கும்.

ஃபியட்டின் எஞ்சின் வராந்தாவில் கோணிச் சாக்கில் கிடந்தது. அதைப் பூட்டுவதற்கு வேண்டிய பிஸ்டன் ரிங் மும்பையிலிருந்து கிளம்பிவிட்டதாம். கொரியர்காரன் 'இ'யைப் பார்த்ததும் திரும்பிவிட்டானாம்.

ஜோக்கின் எதிர்வீட்டுப் போர்டிகோவைப் பார்த்தான். மரகதத்தின் மகன் மஸ்கட் போனபோது விட்டுப்போன ஆம்னி வேன் அங்கே நின்றது. வாரம் தவறாமல் அவள் அதை ஸ்டார்ட் செய்து, உறுமலைக் கேட்டுவிட்டு, அணைப்பாள். மகனோடு போனில் பேசுகிறமாதிரி. அந்த எஞ்சினையும் கியர் பாக்ஸையும் ஃபியட்டில் இறக்கலாம், நடுவில் கொஞ்சம் வெட்டணும், கொஞ்சம் வெல்டு வைக்கணும், ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கிற பழைய கைக் கியரை எடுத்துவிட்டுத் தரையில் ஓட்டை போடணும் என்றான்.

என் வீட்டுக்காரர் போய் வண்டியின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். ரிங் வந்துவிடும் என்றார். இன்னும் நாள் இருக்கிறது என்றார். ஒருதரம் வெட்டிவிட்டால் அது ஒரிஜினல் இல்லை, அப்புறம் எத்தனை ஒட்டினாலும் இல்லை என்றார். அவர் அழுதுவிடுவார்போல் இருந்தது. எனக்கு அதைப் பார்க்க நேரமில்லை.

"ஏனுங்க, இதுக்கு எந்த ஊர்லயாச்சும் ஸ்பேர் கிடைக்கும். உள்ள படுத்திருக்கறாளே, அவளுக்கு ஸ்பேர் இருக்குதுங்களா?"

அவர் கையை எடுத்தார்.

மரகதத்தின் கேட்டைத் திறக்கிறபோது அது கிறீச்சிட்ட சத்தம் எனக்குப் புதுசாக இருந்தது. அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. சுற்றி வளைத்துப் பேசத் தெரிந்திருந்தால் எனக்கு இன்னும் நாலு சிநேகிதிகள் இருந்திருப்பார்கள். எஞ்சின் வேணுங்க்கா என்றேன்.

"என்ற வாசலை மறைச்ச வண்டிக்கு, என்ற வண்டி நெஞ்சைப் புடுங்கிக் குடுக்கோணும். அப்படித்தான?"

"அப்படித்தானுங்க."

அவள் கீரைக் காம்புகளைத் தனியாக ஒதுக்கினாள். நேற்று ராத்திரி பிள்ளை முனகினாளே, வலியா, என்று கேட்டாள். இல்லை, இடுப்பு குடைகிறது என்றேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா என்றாள். கொடுத்தேன் என்றேன். இத்தனை வருஷமாக எங்கள் வீட்டுச் சத்தம் ஒன்று விடாமல் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

"எடுத்துக்க. ஆனா வண்டி இனி என்ற வாசல்ல நிக்கப்படாது. நானும் கூட வருவேன். உனக்கு அவசரத்துல கை நடுங்கும், வசந்தாமணி."

ஜோக்கின் வெட்டினான். கிரைண்டர் தகட்டில் பட்டுத் தீப்பொறி தெறித்தபோதெல்லாம் என் வீட்டுக்காரர் வராந்தா மூலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஆனால் போல்ட்டை எடுத்துக்கொடுக்கவும் ஜாக்கைப் பிடிக்கவும் முதல் ஆளாக அவர்தான் வந்தார். ஆம்னியின் எஞ்சினை ஃபியட்டின் மூக்குக்குள் இறக்கி, ஆம்னியின் கியர் பாக்ஸை ஃபியட்டின் பின் ஆக்ஸிலோடு புது ராடால் கோத்து, இருக்கையின் அருகே தரையில் ஓட்டை போட்டு கியர் குச்சி நட்டார்கள். முன்னால் இடதுபக்கம் காலடியில் துருப்பிடித்து விழுந்த தட்டுக்கு இன்னும் தகடு வைக்கவில்லை. குனிந்தால் ரோடு தெரியும். கண்ணாடி ரப்பர் கேட்டு ஊர் ஊராகப் போன மனிதர், தரையில்லாத வண்டியைச் செங்கல்லிலிருந்து இறக்கினார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். சாவியைத் திருப்பினேன். நான்தான் ஓட்டுவதென்று முடிவாகியிருந்தது; வெட்டிய வண்டியின் ஸ்டியரிங்கைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. வண்டி உறுமியது, மரகதம் மகன் குரல் கேட்டவள்போல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். 'ர்'ரைத் தாண்டி, 'தீ'யை நோக்கிப் புழுதி பறக்க ஓட்டினேன். ஓட்டினேன். 'தீ' வரவில்லை. சுவர் ஒரு முழம்கூடக் குறையவில்லை. மீட்டரைப் பார்த்தேன், பூஜ்யம் அசையவில்லை. திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியபோது ஜோக்கின் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஆம்னி கியர் பாக்ஸில் ஃபியட்டின் மீட்டர் கேபிள் பொருந்தாது. அதை அவன் யோசிக்கவில்லை. கேபிளின் நுனி சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. வண்டி ஓடுகிறது என்று மீட்டருக்குச் சொல்ல ஆளில்லை.

வீட்டுக்குள்ளிருந்து மிருதுளா என்னைக் கூப்பிட்டாள். அம்மா என்று கூப்பிட்ட விதத்திலேயே தெரிந்தது. நான் போய்ப் பார்த்தபோது பனிக்குடம் உடைந்து தரை ஈரமாயிருந்தது.

பின்சீட்டில் மரகதத்தின் மடியில் அவளைச் சாய்த்துப் படுக்க வைத்தோம். ஜோக்கின் கேபிள் ஒன்று வெட்டி ஒட்டிப் பார்க்கலாம், நாளைக்குள் முடியும் என்று எதையோ சொல்லிக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் அதைக் கேட்கவில்லை. உள்ளே போய் அந்தக் கை டிரில்லை எடுத்துவந்து, என் பக்கத்தில், தரையில்லாத இடத்தில் காலை அகட்டி முட்டிபோட்டு, தொங்கிய கேபிள் நுனியை டிரில்லில் மாட்டி இறுக்கினார்.

"எடு அம்மிணி."

வாசலைத் தாண்டியதும் பயத்தில் அவர் வேகமாகச் சுற்றினார். எண்கள் தடதடவென்று ஏறி, ஒரு மூச்சில் எல்லாம் சறுக்கி இறங்கின. எதிரே சுவர் ரப்பர்போல் இழுபட்டு நீண்டது. சும்மா கொடுக்கிறாய் என்று மீட்டர் சொல்லிவிட்டது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அந்தத் துருப்பிடித்த ஓட்டை வழியாக முன்சக்கரத்தின் உள்பக்கத்தைப் பார்த்தார். ஜோக்கின் எப்போதோ இட்ட சாக்பீஸ் கோடு ஒன்று டயரில் இருந்தது. கோடு ஒருதரம் வந்தால் ஒருதரம் சுற்றினார். சக்கரம் ஓடுகிற அளவுக்குக் கை, கை சுற்றுகிற அளவுக்கு எண், கூட ஒரு சுற்று இல்லை, குறைய ஒரு சுற்று இல்லை. அவருடைய கையும் சக்கரமும் ஒன்றாகிவிட்டன. முதல் எண் புரண்டு நின்றது, நின்றே விட்டது. 'தீ' தெரிந்தது.

அதற்கப்புறம் சுவர் எங்களை நோக்கி வந்தது. 'தீ' வந்தது, 'டா' வந்தது, 'ட்' வந்தது; ஒன்றை ஒன்று முட்டித் தள்ளிக்கொண்டு எழுத்துகள் நெருங்கின; விலகிக் கிடந்த வீடுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்வதுபோல் வந்து தோளோடு தோள் நின்றன. வேகமாகப் போனால் நடுவில் இருக்கிறவர்கள் நசுங்குவார்கள், மெதுவாகப் போனால் பின்சீட்டில் இருப்பவள். ஹாரனை விடாமல் அழுத்தினேன். வாத்தியார் பெஞ்சைத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஓடினார், பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லியபடியே பின்னால் ஓடின. டீக்கடைக்காரன் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரு வீட்டு வாசலில் ஏற, அவன் நின்ற இடம் அவனுக்குப் பின்னாலேயே மூடிக்கொண்டது. தபால்காரர் படுக்கையைச் சுருட்டவில்லை, அப்படியே தோளில் போட்டுக்கொண்டார். ஐந்தாவது வீட்டு மருமகள் மாடியில் நின்று, முக்கு வீடு தன்னை நோக்கி வருவதைப் பார்த்து, மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

மிருதுளா கத்தினாள். பிறகு கத்தவில்லை, அது அதைவிட மோசமாக இருந்தது. மரகதம் அவள் கன்னத்தில் தட்டி, "கண்ணைத் தொற சாமி, அத்தையைப் பாரு, முக்காத, மூச்சை விடு" என்று ஒரே தொனியில் சொல்லிக்கொண்டே வந்தாள். கான்வென்ட்டில் பெர்னதெத் சிஸ்டர் பிரம்பால் சொல்லித்தந்த ஜெபம் எனக்குத் தானாக வாயில் வந்தது, நடுவில் மாரியம்மன் பெயரும் கலந்தது. 'வ'வில் பல்லக்கு எதிர்ப்பட்டபோது தூக்கிகள் அதைத் தோளில் ஏற்றியிருந்தார்கள், ஒரு அடி எடுத்து வைத்தார்கள், கோயில் வாசலில் இருந்தார்கள். 'சு'வில் ஆம்புலன்ஸ் குறுக்கே நின்றது. பிரேக் பிடிக்காமல் பம்பரால் அதன் மூக்கில் முட்டித் தள்ளிக்கொண்டே போனேன். அவர் தேடிப்பிடித்த பளபளத்த ஒரிஜினல் பம்பர் அப்பளம்போல் மடங்கியது. என் வீட்டுக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. டிரில்லின் கைப்பிடியிலிருந்து ரத்தம் கேபிளில் வழிந்தது.

'இ'.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரம்மா திட்டினாள். பக்கத்து வீதியிலிருந்து வர இவ்வளவு நேரமா, படித்த குடும்பம்தானே என்று கேட்டபடியே ஸ்ட்ரெச்சரோடு ஓடினாள். மூடிய கதவுக்கு வெளியே நாங்கள் மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவருடைய உள்ளங்கையில் தோல் இல்லை. மரகதம் தன் முந்தானையைக் கிழித்துச் சுற்றிவிட்டாள். அவர் அந்தக் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, விரல் இன்னும் வட்டமாகச் சுற்றிக்கொண்டேயிருக்க, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவு திறந்தபோது பெண் குழந்தை. இருவரும் நலம். அவர் விரல் நின்றது.

வீதி இப்போது பழைய வீதிதான். ரசம் நுரை கட்டுவதற்குள் கொத்தமல்லி வந்துவிடுகிறது. கொஞ்ச நாள் எல்லோரும் தேவையில்லாமல் அடிக்கடி ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய்வந்தார்கள், அப்புறம் வழக்கம்போல் சலித்துக்கொண்டார்கள். நடராசு மறுபடி பால்காரரானார், தயிரில்தான் மரியாதை இருந்தது என்று புலம்புகிறார். ஊர்வலத்துக்கு ஃபியட் போகவில்லை. மரகதத்தின் எஞ்சின் எங்கள் வண்டிக்குள் இருக்கிறது, ஆகவே வண்டி அவள் வாசலில் நிற்பதற்காக அவளால் சண்டை போட முடியவில்லை. சாயங்காலம் வந்து அதன் உறுமலைக் கேட்டுவிட்டு, குழந்தைக்குத் திருஷ்டி சுற்றிவிட்டு, வண்டியை எப்போது நகர்த்துவாய் என்று கேட்டுவிட்டுப் போகிறாள். ஜோக்கின் கேபிளை வெட்டி ஒட்டிவிட்டான், மீட்டர் ஓடினதை ஓடினபடி காட்டுகிறது.

நேற்று மிருதுளா பெட்டியைக் கீழே இறக்கினாள். ஓசூரில் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்துவிட்டதாம், வெள்ளிக்கிழமை வந்து அழைத்துக்கொண்டு போகிறாராம், இங்கே எனக்கும் சிரமம்தானே என்றாள். ஆமாம், சிரமம்தான், துணி துவைத்தே என் இடுப்பு போயிற்று என்றேன். குழந்தை என் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

இன்று காலை என் வீட்டுக்காரர் வண்டிக்கு ஏதோ ஓட்டை போடவேண்டுமென்று கை டிரில்லைத் தேடினார். வராந்தாவில் இல்லை, டூல் பெட்டியில் இல்லை. பார்த்தாயா என்று கேட்டார். உங்கள் சாமானுக்கெல்லாம் நானா காவல் என்றேன். அது என் பீரோவில் கல்யாணப் பட்டுக்கு அடியில் இருக்கிறது. அதிகமாக வேண்டாம். அத்தனை பேரையும் மறுபடி அலைய வைக்கிற அளவுக்கு நான் கெட்டவளில்லை. மீட்டரில் ஒரு மைல் பின்னுக்குச் சுற்றினால் போதும்; கைக்குழந்தையோடு நடக்க முடியாத தூரம்.